பச்சை ஓரம் வைத்த அட்டை

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

இந்தக் கடிதம் தாமதமாக வருவதற்குத் தபால்காரரைத் திட்டாதே. போன வாரமே எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் உன் விலாசம் எழுத வேண்டிய இடத்தில் நம் வீட்டு விலாசத்தை எழுதியிருக்கிறேன். அது எங்கெங்கோ சுற்றிவிட்டு என்னிடமே வந்து சேர்ந்தது. நானும் உறையைக் கிழித்து, "உடம்பைப் பார்த்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றெல்லாம் படித்து, நம்மேல் யாருக்கு இவ்வளவு அக்கறை என்று நாலு வரி சந்தோஷப்பட்டேன். ஐந்தாவது வரியில் "உன் அம்மாவுக்கு முழங்கால் வலி" என்று இருந்தது. என் அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறதே என்று திகைத்த பிறகுதான் கையெழுத்து யாருடையது என்று புரிந்தது. உன் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

சலவை ஆலை வேலை எப்படி? விடுதியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றாய். நல்லதுதான். போனில் நான் உளறுவேன், கடிதத்தில் என்றால் யோசித்து உளறலாம்.

பட்டறையில் எல்லாம் வழக்கம்போல. அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் நிறைய. பசை மேசையில் உன் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேறொரு பெண். பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் முழங்கால் கேட்கவில்லை என்று எழுந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் "அந்தப் பொண்ணு பசைய அள்ளிப் பூசுறாளா, தொட்டுப் பூசுறாளா?" என்று தினமும் என்னிடம் அறிக்கை கேட்கிறாள். மேஸ்திரி நானா அவளா என்று எனக்கே சந்தேகம்.

முதல் சம்பளம் வாங்கியதும் எழுது, எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற என் வக்கீலம்மா.

அன்புடன்,
அப்பா

•

பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது ஆலோசனை மட்டும்தான் கொடுக்கிறீர்களா?

இங்கே ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள்தான் வேலை. பெரிய சூடான உருளை சுற்றும். இரண்டு பேர் இந்தப் பக்கம் ஈர விரிப்பை விடுவோம், அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்ததைப் பிடித்து மடிப்பார்கள். என் ஜோடிக்கு ரேடியோ அக்கா என்று பெயர். உருளை நின்றாலும் அவள் பேச்சு நிற்காது.

அப்பா, சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. இந்த வேலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசு போட்டது. எல்லாரும் படிக்கிற இடத்தில் மாட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாட்டியிருப்பது கொதிகலன் அறைக் கதவுக்கு மேலே. ரேடியோ அக்கா பிடித்துக்கொள்ள, துணித் தள்ளுவண்டிமேல் ஏறி நின்று படித்தேன். எங்களுக்கு வருவது அதில் முக்கால் பங்குதான்.

நேற்று சம்பளம். கணக்கர் ஐயா பதிவேட்டின்மேல் ஒரு அட்டையை வைக்கிறார். ஓரம் முழுக்கப் பச்சை டேப் ஒட்டிய அழகான அட்டை. கையெழுத்துப் போடுகிற கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். மற்றதெல்லாம் மறைந்துவிடும். என் கையெழுத்தின் வால் நீளமாக ஓடி அட்டைமேல் ஏறிவிட்டது என்று திட்டினார்.

நீங்கள்தான் சனிக்கிழமை தோறும் சம்பளம் கொடுக்கிறவர் ஆயிற்றே. எதற்கு அப்படி ஒரு அட்டை வைப்பார்கள்?

உங்கள் மகள்

•

பிப்ரவரி 26

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் தாமதம். சமையலறைக் குழாய் ஒழுகியது. நானே சரி செய்கிறேன் என்று இறங்கினேன். இப்போது குளியலறைக் குழாயும் ஒழுகுகிறது. அப்புறம் சைக்கிள் பஞ்சர். அப்புறம் நாலு நாள் தும்மல்.

அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒழுங்குக்காக வைப்பது. ஒருத்தர் கட்டத்தில் இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது அல்லவா.

தள்ளுவண்டிமேல் ஏறாதே. சக்கரம் வைத்தது.

அப்பா

•

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

தும்மல் நின்றதா?

நீங்கள் சொன்னதை ரேடியோ அக்காவிடம் சொன்னேன். "ஒழுங்குக்குத்தான்னா, என் வரியயாவது எனக்குக் காட்டலாமே. என் சம்பளத்த நான் பாத்தா என்ன கண்ணு அவிஞ்சா போயிரும்?" என்றாள்.  இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

இந்தத் தடவை கையெழுத்துப் போடும்போது என் சட்டைக் கைப் பொத்தான் ஜன்னலில் மாட்டிக்கொண்டது. சரி, நான்தான் மாட்டினேன். கையைத் தூக்கினேன், அட்டையும் கூடவே வந்தது. கணக்கர் ஐயா பாய்ந்து பிடிப்பதற்குள் பார்த்துவிட்டேன். என் பெயருக்கு எதிரே அறிவிப்பில் இருக்கிற முழுத் தொகையும் எழுதியிருக்கிறது, அப்பா. உறையில் இருந்தது முக்கால். முழுசும் வாங்கிக்கொண்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

துவைக்கும் கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். என்னோடு சேர்த்துப் பதினாலு பேர்.  ஒருத்தி, "கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்னத்தக் கேக்குறது?" என்றாள். மறுபடி வண்டியில் ஏறினேன். மன்னியுங்கள். அறிவிப்பின் கடைசிப் பத்தியை உரக்கப் படித்தேன். குறைத்து வாங்கிக்கொள்கிறேன் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாதாம். கீழே ஒருத்தி, "இன்னொரு தடவ படி" என்றாள். மூன்று தடவை படித்தேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மகள்

•

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே மனு கொடுத்தாயிற்று. பதினாலு பேரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள், அட்டை இல்லாமல். மறுநாளே என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடுதியும் இல்லை. ரேடியோ அக்கா வீட்டில் இருக்கிறேன். தூக்கத்திலும் பேசுகிறாள், பழகிவிட்டது.

அட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை என்கிறார் முதலாளி. தொகையைப் பார்த்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டோமாம். அட்டை கொதிகலனுக்குள் போய்விட்டது, ரேடியோ அக்கா கண்ணால் பார்த்தாள். அதிகாரி அம்மா நல்ல மாதிரிதான். ஆனால், "உங்க கையெழுத்து இருக்கு, அவங்க பதிவேடு சரியா இருக்கு, நான் எத வச்சு எழுதுறது?" என்று கேட்கிறார். மே பதினாறாம் தேதி விசாரணை. அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் மனு தள்ளுபடி. மற்ற எட்டுப் பேருக்கும் வேலை போகும். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நலமாக இருந்தால் போதும்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 14

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இது அப்பாவுக்குத் தெரியாது. அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், வருகிறார். ஜோக்கு மட்டும் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கடிதங்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். எடுத்துப் பார்ப்பது, மடித்து வைப்பது. ஒன்றைப் பார்க்காமல் சட்டையோடு துவைத்துவிட்டேன்.

நீ செய்கிற காரியம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் ஒரு வரியோடு விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவை எதுவும் கேட்காதே. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். தாமதமாகத்தான் வருவார், ஆனால் வந்துவிடுவார்.

முழங்கால் பரவாயில்லை. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா

•

ஏப்ரல் 21

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்து மூன்று தாள் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். நாலாவது இது.

அந்த அட்டையை வெட்டியவன் நான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், "மேஸ்திரி, ஆளாளுக்கு அடுத்தவன் சம்பளத்த எட்டிப் பாக்குறான். ஏதாவது பண்ணு" என்றார் முதலாளி. இரண்டு நாள் உட்கார்ந்து அளந்து வெட்டினேன். படிப்புதான் வரவில்லை, வெட்டுவதாவது வருகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. ஓரம் பிசிறு தட்டாமல் இருக்கப் பச்சை டேப். முதலாளி முதுகில் தட்டினார். அவருக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று இன்னும் ஆறு கேட்டார். அதில் ஒன்று, நம்மிடம் பெட்டி வாங்குகிற ஒரு சலவை ஆலைக்கு. நானே சைக்கிளில் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினேன். நீ பச்சை ஓரம் என்று எழுதியதும் குழாய், பஞ்சர், தும்மல் எல்லாம் வந்துவிட்டன.

அட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். கேட்கமாட்டாய், நான் கேட்கிறேன். தெரியும். பதிவேட்டை விரித்து, அட்டையைப் பொருத்துகிறவன் நான்தானே. ஒழுங்கு, ஒழுங்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒழுங்காகிவிட்டது.

நீ ஒரு மாதத்தில் தூக்கிப் பார்த்துவிட்டாய். உனக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

பதினாறாம் தேதி வருகிறேன். நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

அப்பா

•

ஏப்ரல் 28

அப்பாவுக்கு,

படித்தேன். இரண்டு நாள் எழுதக் கூடாது என்று இருந்தேன். இருக்க முடியவில்லை.

ரேடியோ அக்காவிடம் காட்ட வெட்கமாக இருந்தது. அப்புறம் காட்டினேன். முழுசும் படிக்கச் சொன்னாள். அப்புறம், "ஆறு அட்ட வெட்டுனாரே, அதுக்கு உங்கப்பாவுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள். நீங்கள் அதை எழுதவே இல்லையே.

வந்தால் உங்கள் வேலை போய்விடும். தெரிந்துதான் சொல்கிறீர்களா? எனக்காக என்றால் வராதீர்கள். அது எனக்குப் பாரம். உங்களுக்காக என்றால் வாருங்கள்.

பஸ் காலை ஆறு மணிக்கு. விலாசத்தைச் சரியான பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்

•

மே 21

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூங்கி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்ததைத் தவிர சேதம் இல்லை.

உன்னை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாய். "கேட்டாங்க, சொன்னேன்" என்றேன்.  மீதியை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் முதலாளியும் கணக்கரும் ஒரு பக்கம். முதலாளி என்னைப் பார்த்து, "யாருங்க இவரு? எந்த அட்டை? அட்டை எங்கே?" என்று சிரித்தார். அதிகாரி அம்மாவும் என்னைப் பார்த்தார். எனக்குச் சட்டம் தெரியாது, பேசவும் வராது. "ஒரு பழைய ஃபைல் அட்டையும் பிளேடும் குடுங்கம்மா" என்றேன். அளவுகோல் கேட்கவில்லை. அந்த ஏழு அட்டையின் அளவும் என் விரலில் இருக்கிறது. பதிவேடு எல்லா இடத்திலும் ஒரே அச்சுதானே. மேசையிலேயே வெட்டினேன்.  பச்சை டேப் மட்டும்தான் இல்லை.

வெட்டியதை உங்கள் பதிவேட்டின்மேல் வைத்தேன். ஜன்னல் எல்லாம் கட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. "இதுல என்ன இருக்கு? யாரு வேணா வெட்டலாம்" என்றார் முதலாளி.

அப்போதுதான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். வால் இல்லை. நீளமாக ஓடுகிற உன் வால் ஜன்னல் விளிம்பு வரை வந்து, கத்தரித்த மாதிரி நிற்கிறது. மீதி வால் கொதிகலனில் எரிந்த அட்டைமேல் போயிருக்கும். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, யாருக்குக் கையெழுத்து நீளமோ அவர்கள் வாலெல்லாம் அதே கோட்டில் வெட்டுப்பட்டு நிற்கிறது. "அம்மா, இங்க பாருங்க" என்று விரலை வைத்தேன். அதிகாரி அம்மா அட்டையை எடுத்தார், வைத்தார், எடுத்தார், வைத்தார். பக்கம் திருப்பி முந்தின மாதம், அதற்கு முந்தின மாதம். மனுவில் நீ போட்ட கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தார். அதில் வால் தெருக்கோடி வரை போகிறது.

கணக்கர்தான் முதலில் தலையைக் குனிந்தார். பாவம், அவரும் மாதச் சம்பளக்காரர்.

"உங்க பட்டறையிலயும் இதுதானா?" என்று கேட்டார் அதிகாரி அம்மா. "ஆமாம்மா. முப்பத்தோரு பேரு." "நீங்க?" "கடைசிக் கட்டம் என்னுது. நான் வெட்டுன ஜன்னல்லதான் நானும் போடுறேன்." அவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்.

ரேடியோ அக்காவிடம் சொல், ஆறு அட்டைக்கும் ஒரு காசு வாங்கவில்லை. முதுகில் தட்டியதோடு சரி.

வராந்தாவில் எட்டுப் பேரும் உன்னைச் சுற்றி நின்றதைப் பார்த்தேன். நீ பேசவில்லை, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். இந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஒரு நிமிஷம் வெளியாள் மாதிரி நின்று பார்த்தேன். பெருமையை ஒரு தடவை அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அப்பா

•

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

எல்லாரும் நலம். உத்தரவு வந்துவிட்டது. பதினாலு பேருக்கும் குறைத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடாத ஐந்து பேருக்கும் சேர்த்து. என்னைத் திரும்ப வேலையில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை உள்ளே போனேன். அறிவிப்பை இறக்கி, என் கண் மட்டத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். ரேடியோ அக்கா குள்ளம், அவள் மட்டத்துக்கு மாட்டச் சொல்லி இன்னும் சண்டை போடுகிறாள்.

உங்கள் வேலை என்ன ஆயிற்று? ஒரு மாதமாக அதை மட்டும் எழுதாமல் குழாயைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஒரு வீட்டில் எத்தனை குழாய்தான் ஒழுகும்?

உங்கள் மகள்

•

ஜூலை 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இருவரும் நலம். உத்தரவை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை" என்றாள்.

குழாய் ஒழுகவில்லை. வேலைதான் போயிற்று. நான் ஊரிலிருந்து வந்த மறுநாளே, "மேஸ்திரி, உனக்கு வயசாச்சு, ஓய்வெடு" என்றார் முதலாளி. அவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அதற்காகவாவது நின்று ஒரு வணக்கம் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. இப்போது ஒரு புத்தகக் கடையில் பார்சல் கட்டுகிறேன். சம்பளம் குறைவுதான். ஆனால் அறிவிப்பில் இருக்கிறதைவிடக் குறைவில்லை, முதல் நாளே நின்று படித்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பசை மேசைப் பெண்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்ததும், அடிக்கத்தான் வருகிறார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்தேன். மனு எழுத வெள்ளைத் தாள் கொண்டுவந்திருந்தார்கள். "திட்டுறத அப்புறம் திட்டிக்கிறோம். மொதல்ல எழுதுங்க மேஸ்திரி. உங்களுக்குத்தான் உள்ள இருக்கிற தொகையெல்லாம் தெரியும்" என்றாள் ஒருத்தி. உன் சலவை ஆலைச் செய்தி எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. "உங்க மக தூக்கிப் பாத்தாளாமே!" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அம்மா தேநீர் போட்டுக்கொண்டே, நீ பொத்தானை மாட்டிய கதையை, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி சொன்னாள்.

வரிசையாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தேன். "வேலைய விட்டவங்களும் கேக்கலாமா?" என்று அம்மா கேட்டாள். கேட்கலாம் என்றேன். "அப்ப என் பேரையும் போடுங்க" என்று எதிரே உட்கார்ந்தாள். போட்டேன். எத்தனை வருஷம் என்று கேட்டேன், எனக்குத் தெரியாத மாதிரி. "பதினொண்ணு" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரேடியோ அக்காவுக்கு என் வணக்கம்.

இன்னொன்று. இதை அதிகாரி அம்மாவிடமும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்கார்ந்து பெயரைப் போடச் சொன்னவளிடமும் சொல்லவில்லை. முதல் அட்டையை வெட்டியதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. உன் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னலுக்குள் கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதினாள். "நல்லா நேரா வெட்டியிருக்கீங்க" என்றாள். அட்டையை வைப்பதற்கு முன்னால் அவள் வரியில் இருந்த முழுத் தொகையை நான் படித்திருந்தேன்.

அப்பா